ஒரு பெட்டி, இரு அலைவரிசை

கும்பகோணத்தை அடுத்துள்ள வலங்கைமான், வாணவெடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே வெடிமருந்து பற்றத் திரியும் தீயும் வேண்டும். ஆனால், 1895-ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றிச் சென்ற மின்காந்த அலைகளால் மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தையும் பற்றுவித்தார். அவ்வினத்து அலைகளே இன்று 'வைஃபை' என்னும் பெயரால் நம் இல்லங்களுக்குள் பாடங்களைக் கொணர்கின்றன.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் கல்லூரிகள் அடைபட்டபோது, கூடத்தில் தெளிவாய்க் கேட்ட ஆசிரியர் குரல் கொல்லைப்புற அறையில் அறுந்துபோனதை மாணவர் பலர் கண்டனர். மாதக் கட்டணத்தை உயர்த்தினால் குறை தீருமெனக் கருதினோரும் உளர். குறை வீட்டுச் சுவரிலிருப்பின் அப்பொருள் வீணேயாம்.

இரு அலைவரிசை ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டிலும் இயங்குவது. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். பின்னதற்கு அதிற் பாதியளவே. நீண்ட அலை சுவர்களை ஓரளவு எளிதிற் கடந்து செல்லும். ஆயினும் அண்டை வீட்டுப் பெட்டிகள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றால் அதன் பாதையில் நெரிசல் மிகும். குறுகிய அலைக்கு அகன்ற தடங்கள் பல உள. ஆதலின் விரைவு மிகுதி. தடித்த செங்கற்சுவரிலோ அது பெரிதும் நலியும்.

இனி, அமைக்கும் முறையைக் கூறுவாம். காவிரிநாட்டுப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என நீண்டு செல்வன. வாயிலருகே பெட்டியை வைத்தால் பின்கட்டுக்கு அலை எட்டாது. கூடத்தின் நடுவே, ஆளுயரத்திற்கு மேல், திறந்த இடத்தில் வைத்தல் நலம். இரும்பு பீரோவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருகில் வைத்தலாகாது. பின்னர், பெட்டியின் அடியிற் குறித்துள்ள முகவரியைக் கணிப்பொறியில் திறந்து, அதனுடன் வந்த கடவுச்சொல்லை முதலில் மாற்றுக. காப்புமுறையாக டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3-ஐத் தேர்க. அலைவரிசை இரண்டிற்கும் வெவ்வேறு பெயரிடுக. 2.4-இல் ஒன்றன்மேலொன்று படியாத 1, 6, 11 என்னும் தடங்களுள் நெரிசல் குறைந்ததைக் கொள்க. கூடத்துக் கணிப்பொறி 5-இலும், திண்ணையிலும் கொல்லையிலும் உள்ள கைப்பேசி 2.4-இலும் இணைக. அப்பொழுதும் எட்டாவிடின், கம்பி வழியே இரண்டாம் பெட்டியொன்றைப் பின்கட்டில் நிறுத்துக.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், புதுச்செலவிற்கு முன் பெட்டியின் இடத்தை மாற்றிப் பார்ப்பார்களாக. தம்பி தங்கையரின் பாடம் தடைபடாமற் காத்தல் சிறு தொண்டன்று.