திருகோணமலைக் கல்லறையும் இடிந்த குருமனையும்

திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்திலே ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டின் துயில்கிறார். 1852ஆம் ஆண்டு, இரண்டாம் பர்மிய யுத்தகாலத்தில், ஐராவதி நதியிற் கப்பலிலேயே வாந்திபேதி கண்டு மாண்டவர். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ஒரே தம்பி இவரென்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

இருவரும் பிறந்தது இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஸ்டீவென்டன் குருமனையில். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். குருமனை என்றதும் அகன்ற விறாந்தையும் உயர்ந்த கூரையுமுடைய நம்மூர் மிஷன் பங்களாவே மனக்கண்ணில் எழும். அங்கே நிலைமை வேறு. தாழ்ந்த மேற்றளம், வெளியே தெரியும் உத்தரங்கள், அவற்றுக்கு வெறும் வெள்ளைப் பூச்சு. சுவரும் மேற்றளமும் கூடுமிடத்தில் அலங்கார விளிம்புகூட இல்லை. வெப்பம் மேலெழுந்து விலக நமக்கு உயரம் வேண்டும். குளிர்நாட்டாருக்கோ கணப்பின் சூடு அறையிலேயே தங்கவேண்டும். பெரிய குடும்பத்தோடு, தந்தையார் வீட்டில் வைத்துப் பாடஞ்சொன்ன மாணாக்கரும் அங்கேயே வாழ்ந்தனர். இட நெருக்கடி எப்படியிருந்திருக்கும்!

அம்மனையை 1820களிலே இடித்துவிட்டார்கள். ஜேன் அதற்குமுன், 1817இல், மறைந்துவிட்டார், சார்ள்ஸ் இருந்தார். இன்று அவ்விடம் புல்வெளி. 2011இல் அகழ்ந்தவர்களுக்கு அத்திவாரத்தின் தடங்களும் மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன.

கோட்டை பார்க்கச் செல்லும் மாணவர்கள் எஸ்பிளனேட் மயானத்துக்கும் ஒரு நடை போய்வரலாம்.