புண்ணை ஆற்றும் புரதமும் அதற்குச் சாட்சி சொல்லும் எதிர்ப்பொருளும்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டுத் துணிக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே ராஜபாளையம் வட்டாரத்தில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பது அவ்வளவாக வெளியே தெரியாது. மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியும், அறுவை சிகிச்சையில் இரத்தத்தை ஒற்றி எடுக்கும் காஸ் துணியும் இங்குள்ள விசைத்தறிகளில் நெய்யப்பட்டு நாடு முழுக்கப் போகின்றன, வெளிநாடுகளுக்கும் போகின்றன. ஒரு வட்டாரமே மனிதர்களின் காயத்தை நம்பி உழைக்கிறது என்றால், அந்தத் துணிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது இங்குள்ளவர்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

துணி அழுக்கை அண்டவிடாது, ஈரத்தை உறிஞ்சும். ஆற்றும் வேலையை உடம்புதான் செய்கிறது. தோல் கிழிந்து இரத்தம் கசிந்த சில நிமிடங்களில், டெங்கு காலத்தில் எண்ணிப் பார்க்கிறோமே அந்தத் தட்டணுக்கள், ஒட்டித் திரண்டு அடைப்பு போடுகின்றன. அதோடு தம்முள் பொதிந்து வைத்திருந்த சில புரதங்களையும் வெளியே கொட்டுகின்றன. அவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். அவற்றில் ஒன்று தோலின் மேல்புறச் செல்களைப் பெருகி நகரச் சொல்கிறது. இன்னொன்று புது இரத்தக் குழாய்களை முளைக்கவைக்கிறது. மற்றொன்று கொலாஜன் நூலை நெய்யும் செல்களை அழைத்து வருகிறது. பிளேடு கீறிய கன்னம் சில நாளில் மூடிக்கொள்வதும், சர்க்கரை நோயாளியின் காலில் முள் குத்திய இடம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதும் பெருமளவுக்கு இந்தப் புரதங்களின் கணக்குதான். நாட்பட்ட புண்ணில் புரதங்களை வெட்டும் நொதிகள் மிகுந்துவிடுகின்றன. வளர்ச்சிக் காரணி சுரந்தாலும் அது நிலைப்பதற்குள் துண்டாகிவிடுகிறது.

இவை உடம்பில் இருக்கும் அளவு மிகச் சொற்பம். இரத்தத்தில் பலவற்றை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று சொல்வார்கள். பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே மில்லிலிட்டரில் வேறு ஆயிரக்கணக்கான புரதங்களும் மிதக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இதை மட்டும் எப்படிப் பிரித்துக் காண்பது? ஆய்வகங்களில் அதற்குப் பெரும்பாலும் கைகொடுப்பது எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி.

கிருமி நுழைந்தால் உடம்பு எதிர்ப்பொருள் செய்யும் என்பது பள்ளிப் பாடம். அதையே கருவியாக்கிக்கொள்வதுதான் ஆய்வகத்தின் வழி. மனித வளர்ச்சிக் காரணி ஒன்றை முயலுக்கு ஊசியில் ஏற்றினால் முயலின் உடம்பு அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் செய்கிறது. முயலின் இரத்தத்தில் இருந்து அதைப் பிரித்து எடுத்தால், மனிதப் புரதத்தை இனம் காணும் கருவி கையில் இருக்கிறது. பாம்புக்கடி மருந்தும் இதே முறையில்தான் உருவாகிறது. அங்கே குதிரைக்கு விஷம், இங்கே முயலுக்குப் புரதம்.

பாம்பு விஷத்துக்கு இந்தக் கதையில் நேரடியாகவே ஓர் இடம் உண்டு. 1950களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்புகளை வளரவைக்கும் ஏதோ ஒரு பொருளைக் கட்டிகளில் இருந்து பிரித்தெடுக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாற்றில் உள்ள நியூக்ளிக் அமிலத்தைச் சிதைத்துப் பார்க்கப் பாம்பு விஷத்தைச் சேர்த்தார்கள். நரம்பு வளர்ச்சி குறையவில்லை, பன்மடங்கு பெருகியது. விஷத்திலேயே அந்தப் பொருள் நிறைய இருந்திருக்கிறது. விஷப்பை என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று எண்ணிய கோஹன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அங்கும் அது குவிந்து கிடந்தது. இது நரம்பு வளர்ச்சிக் காரணி.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. அந்தப் புரதத்துக்கு முயலில் எதிர்ப்பொருள் தயாரித்து, பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். குட்டிகளின் பரிவு நரம்பு மண்டலத்து நரம்பு முடிச்சுகள் ஏறத்தாழ அழிந்தே போயின. ஒரு பொருள் உடம்புக்கு உண்மையிலேயே தேவைதானா என்பதை, அதை மட்டும் தடுத்து நிறுத்திக் காட்டியது எதிர்ப்பொருள். 1960ல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பிறகு வளர்ச்சிக் காரணி என்பதே கற்பனை என்று ஒதுக்குவது கடினமாகிவிட்டது. அதே சுரப்பிச் சாற்றைப் பெற்ற குட்டிகள் இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்ணை ஒரே வாரத்தில் திறந்ததைக் கவனித்த கோஹன், 1962ல் தோல் வளர்ச்சிக் காரணியையும் பிரித்தெடுத்தார். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் அது ஈஜிஎஃப். இருவருக்கும் 1986ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈஜிஎஃப் வெறும் 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். மனிதரின் ஈஜிஎஃபையும் எலியின் ஈஜிஎஃபையும் வரிசையில் வைத்துப் பார்த்தால் 37 இடங்களில் ஒரே அமினோ அமிலம், மீதி 16 இடங்களில் வேறுபாடு. எலிப் புரதத்துக்குச் செய்த எதிர்ப்பொருள் மனிதப் புரதத்தைச் சரியாகப் பிடிக்கும் என்று நம்பிவிட முடியாததற்கு இது போதும். எதிர்ப்பொருள் பிடிப்பது முழுப் புரதத்தை அல்ல, அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு சிறு பகுதியை. அந்தப் பகுதி வேறொரு புரதத்தில் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும்.

முயலின் இரத்தத்தில் கிடைப்பது பலவகை எதிர்ப்பொருட்களின் கலவை. முயலுக்கு முயல் அது மாறும். 1975ல் கேம்பிரிட்ஜில் கியோர்க் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் எதிர்ப்பொருள் செய்யும் எலிச் செல்லைச் சாகாத புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை இடைவிடாமல் செய்யும் செல் வரிசையை உண்டாக்கினார்கள். மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பது அதுதான். அதற்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. உலகெங்கும் ஆய்வகங்கள் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

இன்று ஓர் ஆய்வகத்தில் ஈஜிஎஃபை அளப்பவர் கையில் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு இருக்கும். எலைசா என்பார்கள். குழியின் அடியில் ஓர் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். அதில் மாதிரியை ஊற்றினால் ஈஜிஎஃப் மட்டும் சிக்கும், மற்றவை கழுவும்போது போய்விடும். பிறகு, அதே ஈஜிஎஃபின் இன்னொரு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். அதோடு நிறம் உண்டாக்கும் நொதி இணைந்திருக்கும். மாதிரியில் புரதம் இருந்தால் குழி நீலமாகும், அமிலம் சேர்த்தால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி படித்து எண்ணாகத் தரும். இரண்டு எதிர்ப்பொருட்களும் ஒரே மூலக்கூறைப் பிடித்தால்தான் நிறம் வரும் என்பதால் தவறு குறைகிறது. குறைகிறதே தவிர, ஒழிந்துவிடவில்லை.

டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற வளர்ச்சிக் காரணியை எடுத்துக்கொள்வோம். தழும்பு உண்டாவதில் இதற்குப் பெரிய பங்கு. இதன் முதிர்ந்த வடிவம் மனிதரிலும் மாட்டிலும் அட்சரம் பிசகாமல் ஒன்றே. ஆய்வகத்தில் மனிதச் செல்லை வளர்க்கும்போது ஊட்டமாகச் சேர்ப்பது கன்றுக்குட்டியின் சீரம். மனிதச் செல் எவ்வளவு சுரந்தது என்று அளந்தால், மாட்டின் டிஜிஎஃப்-பீட்டாவும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். எவ்வளவு நல்ல எதிர்ப்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியாது, பிரிப்பதற்கு வேறுபாடே இல்லை. செல் படாத வெறும் ஊட்டக் கரைசலையும் தனியாக அளந்து கழித்தாக வேண்டும். இரத்தம் உறைந்த பிறகு எடுக்கும் சீரத்துக்கும், உறையவிடாமல் எடுக்கும் பிளாஸ்மாவுக்கும் இதுபோலவே பெரிய வித்தியாசம் உண்டு. உறையும்போது தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுவதால் சீரத்தில் எண் எகிறும். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடுவது வீண்.

எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தையும் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு பெரிய இடத்திலும் குழப்பம் வரும் என்பதற்கு ஜிடிஎஃப்11 சாட்சி. 2013ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இந்த வளர்ச்சிக் காரணி எலிகளின் இரத்தத்தில் வயது ஏற ஏறக் குறைகிறது என்றும், அதை ஏற்றினால் முதிய எலியின் தடித்த இதயம் மெலிகிறது என்றும் அறிவித்தார்கள். இளமைக்கான மருந்து கிடைத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 2015ல் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த அளவீட்டையே சோதித்தார்கள். அதில் பயன்பட்ட எதிர்ப்பொருளும் மற்றொரு பிடிப்பு மூலக்கூறும் ஜிடிஎஃப்11ஐ மட்டும் பிடிக்கவில்லை, ஏறத்தாழ 90 விழுக்காடு அதே வரிசை கொண்ட மயோஸ்டாட்டினையும் சேர்த்துப் பிடித்தன. மயோஸ்டாட்டின் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் புரதம். இரண்டையும் பிரித்துப் பார்த்தபோது ஜிடிஎஃப்11 வயதோடு குறைவதாகத் தெரியவில்லை. விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்ப்பொருள் காட்டிய ஆளை நம்பிவிட்டார்கள், அவ்வளவே.

காவல்துறையின் அடையாள அணிவகுப்பில் சாட்சியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. குற்றவாளி இல்லாத வரிசையைக் காட்ட வேண்டும். அப்போதும் சாட்சி யாரையாவது கைகாட்டினால் அவர் சொல் செல்லாது. எதிர்ப்பொருளுக்கும் இதுவே சரியான சோதனை. குறிப்பிட்ட புரதத்துக்கான மரபணுவை நீக்கிய செல்லில் அதைச் சோதித்தால், நிறம் வரவே கூடாது. கனடாவின் மொன்றியலை மையமாகக் கொண்ட ஒய்காரோஸ் என்ற திட்டம் நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்குச் சந்தையில் விற்ற 614 எதிர்ப்பொருட்களை இப்படிச் சோதித்து 2023ல் முடிவுகளை வெளியிட்டது. ஏராளமானவை தேறவில்லை. அவற்றில் சுமார் 20 விழுக்காட்டை நிறுவனங்களே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன, சுமார் 40 விழுக்காட்டுக்கு எதற்குப் பயன்படும் என்ற பரிந்துரையை மாற்றின. மரபணு வரிசை தெரிந்து, செல்லில் வடித்து எடுக்கும் ரீகாம்பினன்ட் எதிர்ப்பொருட்களே நன்றாகத் தேறின. விலை கூடுதல் என்றாலும் அவற்றை வாங்குவதுதான் முடிவில் சிக்கனம் என்பது என் கருத்து.

இந்தக் கண்டிப்பு சென்னை ராயபுரத்துக்கும் பொருந்தும். ஹைதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் மனித ஈஜிஎஃபை மரபணு மாற்றத்தால் தயாரித்து, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு ரீஜென்-டி என்ற களிம்பாகக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பக்கத்துக்காரர். களிம்பின் மூன்றாம் கட்டச் சோதனையை முன்னின்று நடத்தி, 2006ல் முடிவை வெளியிட்டவர்களில் ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் முதன்மையானவர். 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாட்டில், ஒரு காலை வெட்டாமல் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மூட்டை சுமப்பவரிடமும் தறி ஓட்டுபவரிடமும் கேட்டால் தெரியும். இப்படி ஒரு புரத மருந்தைக் குழாயில் அடைக்கும்போது உள்ளே இருப்பது ஈஜிஎஃப்தானா, சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் எதிர்ப்பொருளுக்கும் இடமுண்டு. ஆனால், எதிர்ப்பொருள் பிடித்துவிட்டதாலேயே புரதம் வேலை செய்யும் என்று ஆகாது. உடைந்த துண்டையும் அது பிடிக்கலாம். செல்லைப் பெருகவைக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

எதிர்ப்பொருளே மருந்தாவதும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர்க் கசிவு வந்தவர்களுக்கு மதுரையில் அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் கண்ணுக்குள் போடும் பெவாசிசுமாப் ஊசி, இரத்தக் குழாயை முளைக்கவைக்கும் வளர்ச்சிக் காரணியைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள். காலில் முளைக்க வேண்டிய குழாய் கண்ணில் முளைக்கக் கூடாது. அதனால்தான் எங்கே, எவ்வளவு என்ற அளவீடு இவ்வளவு முக்கியம்.

கிருஷ்ணன்கோவிலிலும் சிவகாசியிலும் மதுரையிலும் உயிர்த் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். ஓர் எதிர்ப்பொருள் குப்பி பல ஆயிரம் ரூபாய். அதில் ஒரு சொட்டைச் சரிபார்ப்புக்குச் செலவிட மனம் வராதது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் சொட்டைச் செலவிடுங்கள். குப்பியின் பட்டியல் எண்ணையும் தயாரிப்பு எண்ணையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். புரதம் இல்லாத மாதிரியை ஒரு குழியில் கட்டாயம் வையுங்கள். வழிகாட்டிகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடி வளரும் என்று பலர் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் பல இரத்தப் பரிசோதனைகளைக் கெடுக்கும். பல கிட்களில் பயோட்டினையே பிணைப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். தைராய்டு எண் தப்பாக வரும், மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் குறைவாகக் காட்டக்கூடும். இப்படி டிரோபோனின் குறைவாகக் காட்டப்பட்ட ஒரு நோயாளி இறந்ததாகத் தகவல் வந்த பிறகு, 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. இரத்தம் கொடுக்கப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதை லேப்காரரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.