ஸ்பெல்லிங் வராது… ஆனால் 450 எபிசோடு, அப்புறம் க்ரைம் நாவல்கள்! யார் இந்த ஸ்டீபன் ஜே. கேனல்?

டைப்ரைட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைசி வரியை அடித்து முடித்ததும் பேப்பரை உருவி மேலே வீசுவார். பறக்கும் அந்தத் தாள் வளைந்து, ஆங்கில ‘சி’ எழுத்தாக மாறும். 1980-களில் அமெரிக்க டிவி தொடர்கள் பலவற்றின் முடிவில் வந்த லோகோ இது. அதில் இருந்தவர் நடிகர் இல்லை, அந்தத் தொடர்களை உருவாக்கிய ஸ்டீபன் ஜே. கேனல்.

‘தி ஏ-டீம்’, ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கா? 2010-லும் 2012-லும் படங்களாக வந்தன. இரண்டுக்குமே மூலம் இவருடைய தொடர்கள்தான். தனியாகவும் கூட்டாகவும் இவர் உருவாக்கிய தொடர்கள் 40-ஐ நெருங்கும். எழுதிய எபிசோடுகள் 450-க்கும் மேல். ஆனால் இவருக்குக் கடைசி வரை ஸ்பெல்லிங் கைவரவே இல்லை.

பள்ளியில் என்ன நடந்தது?

1941-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, பக்கத்திலுள்ள பாசடீனாவில் வளர்ந்தவர் கேனல். படிப்பில் தொடர்ந்து ஃபெயில். ஒரே வகுப்பில் திரும்ப உட்கார வேண்டிய நிலைமை ஒரு தடவையோடு நிற்கவில்லை. காரணம், டிஸ்லெக்ஸியா. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைப்பதில் ஏற்படும் சிரமம் இது. வாசிப்பு மெதுவாகும், எழுத்துப்பிழை நிறைய வரும். அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனால் 1940, 50-களில் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பள்ளிகள் ரொம்பக் குறைவு. ‘சோம்பேறி’, ‘மந்தம்’ என்ற முத்திரைதான் சுலபமாகக் கிடைத்தது. தனக்கு டிஸ்லெக்ஸியா இருப்பதே முப்பதுகளின் நடுவில், தன் மகளைப் பரிசோதித்தபோதுதான் கேனலுக்குத் தெரியவந்தது. அதற்குள் அவர் ஹாலிவுட்டில் பெயர் வாங்கிவிட்டார்!

திருப்பம் எங்கே வந்தது?

ஒரேகான் பல்கலைக்கழகத்தில். அங்கே எழுத்துப் பயிற்சி கொடுத்த கவிஞர் ரால்ஃப் சாலிஸ்பரி, பேப்பரில் இருந்த பிழைகளைத் தாண்டி உள்ளே இருந்த கதையைப் பார்த்தார். ‘உன்னால எழுத முடியும்’ என்ற நம்பிக்கை அங்கேதான் கிடைத்தது. 1964-ல் பட்டம் வாங்கிய கேனல், அப்பாவின் இன்டீரியர் டெகரேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். பகலில் அந்த வேலை, மற்ற நேரத்தில் எழுத்து. சில வருடங்கள் இப்படியே ஓடின. 1968-ல் ‘இட் டேக்ஸ் எ தீஃப்’ தொடருக்கு ஒரு ஸ்கிரிப்ட் விற்றது. அடுத்து ‘ஆடம்-12’ என்ற போலீஸ் தொடரில் ஸ்டோரி எடிட்டர் வேலை.

1974-ல் ராய் ஹக்கின்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ‘தி ராக்ஃபோர்டு ஃபைல்ஸ்’தான் பெரிய பிரேக். இதன் ஹீரோ, மாலிபு கடற்கரையில் ஒரு டிரெய்லரில் குடியிருக்கும் தனியார் துப்பறிவாளர். அடி வாங்குவார், ஃபீஸ் ஒழுங்காக வராது, துப்பாக்கி பிஸ்கட் ஜாடியில் கிடக்கும். கெத்தான டிடெக்டிவ்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுசு. 1978-ல் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருது கிடைத்தது. பிற்பாடு ‘தி சொப்ரானோஸ்’ தொடரைக் கொடுத்த டேவிட் சேஸும் இந்தத் தொடரில் எழுதியவர்தான்.

54 வயதில் ஏன் நாவல்?

1995-ல் கேனலின் நிறுவனம் நியூ வேர்ல்டு வசம் போனது. அதே வருடம் முதல் நாவல் ‘தி ப்ளான்’ வெளியானது. மாஃபியா கும்பல் தன் ஆளை அமெரிக்க அதிபராக்கத் திட்டம் போடும் கதை. மார்க்கெட் போன ஒரு டிவி தயாரிப்பாளர் அதில் மாட்டிக்கொள்கிறார்.

ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு நாவல் ஈஸிதானே என்று தோன்றலாம். விஷயம் அப்படி இல்லை. ஸ்கிரிப்டில் ‘இரவு, கார் நிறுத்தும் இடம்’ என்று ஒரு வரி போதும். மிச்சத்தை நடிகர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் எல்லாரும் சேர்ந்து நிரப்புவார்கள். நாவலில் அந்த இருட்டு, பயம், மனசுக்குள் ஓடுவது எல்லாமே வாக்கியத்தில்தான் வந்தாக வேண்டும். வாக்கியத்தோடு சிறுவயதிலிருந்தே மல்லுக்கட்டியவர், முழுக்க முழுக்க வாக்கியங்களால் ஆன வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

2001-ல் வந்த ‘தி டின் கலெக்டர்ஸ்’ அவருக்கு ஒரு நிரந்தர நாயகனைக் கொடுத்தது: லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர் ஷேன் ஸ்கல்லி. தன் பழைய பார்ட்னரையே சுட வேண்டிய நிலை வர, சொந்தத் துறையின் விசாரணையில் நிற்கிறார். தலைப்பில் வரும் ‘டின்’ என்பது போலீஸ் பேட்ஜ். அதைப் பறிக்கும் உள்விசாரணைப் பிரிவினர்தான் ‘டின் கலெக்டர்ஸ்’. ஸ்கல்லியை வைத்தே வரிசையாக நாவல்கள் வந்தன.

எப்படிச் சமாளித்தார்?

ரகசியம் ஒன்றும் இல்லை, ரெண்டே விஷயம். ஒன்று, தினமும் விடியற்காலையில் எழுந்து எழுத உட்கார்ந்துவிடுவார். இரண்டு, எழுதும்போது ஸ்பெல்லிங்கைப் பற்றிக் கவலையே படமாட்டார். பிழைகளைத் திருத்த உதவியாளர் இருந்தார். கதை சொல்வது தன் வேலை, எழுத்துக் கூட்டுவதற்கு உதவி வாங்கிக்கொள்ளலாம் என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேனலுக்கு விழுந்தாலும் தாங்கிப் பிடிக்கக் குடும்பத் தொழில் இருந்தது. கூடவே, புரிந்துகொண்ட ஓர் ஆசிரியரும் கிடைத்தார். இரண்டும் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம். அதனால் ‘முயன்றால் யாராலும் முடியும்’ என்று இந்தக் கதையைச் சுருக்கிவிட முடியாது. பிரச்சினை என்னவென்று சீக்கிரம் கண்டுபிடிப்பது முயற்சி அளவுக்கே முக்கியம். கேனலும் தன் டிஸ்லெக்ஸியாவை மறைக்காமல் பொதுவெளியில் தொடர்ந்து பேசினார்.

‘காஸில்’ என்ற டிவி தொடரில், க்ரைம் எழுத்தாளரான ஹீரோவுடன் சீட்டாடும் நிஜ எழுத்தாளர்களில் ஒருவராக, கேனலாகவே வந்தார். 2010 செப்டம்பர் 30 அன்று, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பாதிப்பால் 69 வயதில் இறந்தார். கடைசி ஸ்கல்லி நாவல் ‘விஜிலான்டி’, அவர் மறைவுக்குப் பிறகு 2011-ல் புத்தகக் கடைகளுக்கு வந்தது.