ஆகாயத்தில் ஒரு கூட்டுப் பொய்... தெரியுமா?

ராடார் திரையில், ஒரே உயரத்தில் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் விட்டாக வேண்டிய இடைவெளி 5 கடல் மைல். அதாவது ஒன்பது கிலோமீட்டரும் கொஞ்சமும். தாராளம் என்றுதானே தோன்றுகிறது? இரண்டு ஜெட் விமானங்கள் மணிக்கு 900 கிலோமீட்டரில் நேருக்கு நேர் வருவதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஒன்பது கிலோமீட்டரும் கரைய எவ்வளவு நேரம் தெரியுமா? பதினெட்டே விநாடி! தொலைதூர ராடாரின் ஆன்டெனா ஒரு சுற்று சுற்றி வரவே பத்துப் பன்னிரண்டு விநாடி ஆகும். திரையில் புள்ளி ஒரு முறை நகர்வதற்குள் பாதி இடைவெளி காலி.

அதனால்தான் எதிரெதிரே வருகிறவர்களை மேலும் கீழுமாகப் பிரித்து வைக்கிறார்கள். எவ்வளவு பிரித்து? 1,000 அடி. முன்னூற்றுச் சொச்சம் மீட்டர், அவ்வளவுதான்! ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது எதிர்த்திசையில் ஒரு விமானம் 'விர்'ரென்று கடந்துபோய் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருந்தால், அது அநேகமாக இந்த ஆயிரம் அடி தள்ளித்தான் போயிருக்கும்.

இப்போது இன்னொரு ஆச்சரியம். "நாம் 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம்" என்று கேப்டன் அறிவிக்கிறாரே, அது உண்மையில்லை தெரியுமா?

விமானத்தின் ஆல்டிமீட்டர் அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. அதை உயரமாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. தரையில் காற்றழுத்தம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் உலகத்து விமானிகள் அத்தனை பேரும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே எண்ணைத் திருகி வைத்துவிடுகிறார்கள். கீழே வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் சுழன்றுகொண்டிருந்தாலும் சரி, ராஜஸ்தானில் வெயில் கொளுத்தினாலும் சரி, அதே 1013! ஆக, கருவி காட்டும் 35,000 அடி நிஜத்தில் சில நூறு அடி தள்ளித்தான் இருக்கும், சமயத்தில் அதற்கும் மேலே. ஆனால் பக்கத்தில் வருகிறவருடைய கணக்கும் அதே அளவு தள்ளி இருக்கிறதே! ஊரில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால் ஓடினால் யாரும் யாரையும் காக்க வைக்கப்போவதில்லை, அந்த மாதிரி. வானத்தில் உயிரைக் காப்பது எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரே பொய்.

இந்தப் பொய்க்கு எல்லை உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, பழைய ஆல்டிமீட்டர்கள் தடுமாறின. அதனால் 29,000 அடிக்கு மேல் ஒரு காலத்தில் 2,000 அடி இடைவெளி விட்டார்கள். கருவிகள் நம்பகமான பிறகு, 1997-இல் வட அட்லாண்டிக் கடல் மேல் அதை 1,000 ஆகக் குறைத்தார்கள். இந்திய வானத்துக்கு அது வந்தது 2003 நவம்பரில். ஒரே வானம், புதிதாக ஆறு மாடி!

ஒற்றைப்படை, இரட்டைப்படை விஷயம் தெரியுமா? பொதுவாகக் கிழக்குப் பக்கம் போகிற விமானத்துக்கு 33, 35, 37 ஆயிரம். மேற்குப் பக்கம் போகிறதற்கு 34, 36, 38 ஆயிரம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனால் ஒற்றை, துபாய் போனால் இரட்டை. செல்போனில் விமானங்களைக் காட்டும் ஆப் வைத்திருப்பவர்கள் இப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கேட்டால் நம்ப மாட்டீர்கள். துல்லியமே ஆபத்தானது! முன்பெல்லாம் விமானங்கள் போட்ட பாதையில் அப்படியே போகாது. இங்கே ஒரு மைல், அங்கே அரை மைல் விலகும். யாரோ தப்புச் செய்து இரண்டு விமானம் ஒரே உயரத்தில் வந்தாலும் அந்த விலகல் பல முறை காப்பாற்றிவிடும். ஜிபிஎஸ் வந்தது, விமானங்கள் கோட்டின் நடுவிலேயே பிசகாமல் ஓட ஆரம்பித்தன. 2006 செப்டம்பர் 29. பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேல் 37,000 அடியில் கோல் நிறுவனத்தின் போயிங்கும் ஒரு குட்டி லெகசி ஜெட்டும் எதிரெதிரே வந்தன. லெகசியின் டிரான்ஸ்பாண்டர், அதாவது தன் உயரத்தை ராடாருக்குச் சொல்லும் கருவி, வேலை செய்யவில்லை. தரையிலிருந்தவர்களுக்கும் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய வானத்தில் இரண்டும் ஒரே கோட்டில்! லெகசியின் இறக்கை நுனி போயிங்கின் இறக்கையைச் சீவிவிட்டது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி நுனி உடைந்த இறக்கையோடு ஒரு ராணுவத் தளத்தில் இறங்கியது, அதிலிருந்த ஏழு பேரும் பிழைத்தார்கள்.

இந்தத் துல்லிய ஆபத்தைச் சமாளிக்கக் கடல் வெளிகளில் இப்போது ஒரு விநோத வழக்கம். விமானிகள் வேண்டுமென்றே பாதையை விட்டு வலப்பக்கம் இரண்டு கடல் மைல் வரைக்கும் தள்ளிப் பறக்கலாம், எவ்வளவு தள்ளி என்பது அவரவர் இஷ்டம். கோடிக்கணக்கில் செலவழித்துத் துல்லியத்தை வாங்கி, அதைத் தாங்களே கொஞ்சம் கலைத்துக்கொள்கிறார்கள்! எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கடல் என்றதும் சென்னை. வங்காள விரிகுடாவின் பெரும் பகுதிக்குச் சென்னை மையம்தான் பொறுப்பு என்பது தெரியுமா? அதன் எல்லை தாண்டினால் கொழும்பு, கோலாலம்பூர், யாங்கோன். தரை ராடாரின் பார்வை நானூறு, நானூற்றைம்பது கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் விமானம் செயற்கைக்கோள் வழியாகத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். உத்தரவுகள் எழுத்தாக விமானி அறைக்குப் போகும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் 5 கடல் மைல் போதாதே? 50 ஆக்கிவிடுவார்கள்!

உயரம் தெரியாத ராடாரும் இருந்ததே, அந்தக் கொடுமை தெரியுமா? 1996 நவம்பர் 12 மாலை, டில்லி. அப்போது அங்கே இருந்த ராடார், விமானம் எங்கே என்று மட்டும் காட்டும், எவ்வளவு உயரம் என்று காட்டாது. விமானி வாயால் சொல்வதுதான் கணக்கு. கிளம்புகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே வழி வேறு. ஏறிக்கொண்டிருந்த சவுதி ஜம்போவுக்கு 14,000 அடி, இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. எதிரே சவுதி விமானம் வருகிறது என்று கன்ட்ரோலர் எச்சரித்தும் இருந்தார். கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் பேசுகிறவர் தனி ஆள். அவர் முன்னால் ஆல்டிமீட்டர் கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் உயரம் தெரிந்துகொள்ள வேண்டும்! விமானம் 15,000-த்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேல் 349 பேர். நடுவானில் நடந்த மோதல்களில் இன்றுவரை இதுதான் மிகக் கொடியது. இதற்குப் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று.

அந்தக் கருவி, டீகாஸ், செய்வது கிட்டத்தட்ட மாயாஜாலம். இரண்டு விமானத்துக் கருவிகளும் தங்களுக்குள் பேசி, யார் ஏறுவது யார் இறங்குவது என்று முடிவுசெய்து, ஏறத்தாழ அரை நிமிட அவகாசத்தில் விமானிகளிடம் உரக்கச் சொல்லிவிடும். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் மேல் அது சரியாகவே சொன்னது: ரஷ்ய விமானம் ஏற வேண்டும், சரக்கு விமானம் இறங்க வேண்டும். ஆனால் சூரிச் மையத்தில் இரண்டு திரைகளைத் தனியாளாகச் சமாளித்துக்கொண்டிருந்த கன்ட்ரோலர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொல்லிவிட்டார். இரண்டும் இறங்கின. 71 பேர், அதில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். இப்போது விதி தெளிவு: கருவி ஒன்று, கன்ட்ரோலர் ஒன்று சொன்னால், கருவி சொல்வதே செல்லும்.

அமெரிக்காவில் இதெல்லாம் எங்கே தொடங்கியது தெரியுமா? செயின்ட் லூயிஸில், 1929-இல், ஒரு தள்ளுவண்டியில்! ஆர்ச்சி லீக் என்பவர் அதில் நாற்காலி, குடை, இரண்டு கொடிகள் ஏற்றிக்கொண்டு ஓடுபாதை ஓரம் போய் உட்காருவார். சிவப்புக் கொடி என்றால் நில், கட்டம் போட்ட கொடி என்றால் போ. கொடி போனாலும் வண்ணம் போகவில்லை. இன்றும் ரேடியோ செத்துப்போனால் டவரிலிருந்து விளக்கைக் காட்டுவார்கள்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே.

கன்ட்ரோலரிடம் 'முடியாது' என்று விமானி சொல்லலாமா? சொல்லலாம்! 2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்பு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் விமானம் துருக்கி மேல் 33,000 அடியில் பறந்தது. 35,000-த்துக்கு ஏறலாம் என்றது அங்காரா மையம். விமானி அறைத் திரையில் பக்கத்து விமானம் ஒரு சின்னச் சாய்சதுரமாகத் தெரியும். அதனருகே '+20' என்று இருந்தால் உங்களுக்கு 2,000 அடி மேலே ஆள் இருக்கிறது என்று பொருள். பதினைந்து மைல் தூரத்தில், அதே 35,000 அடியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம்! விமானிகள் சுட்டிக்காட்டியும் ஏறலாம் என்றே மறுபடி பதில் வந்ததாகச் செய்திகள் சொன்னன. அவர்கள் ஏறவில்லை. சற்று நேரத்தில் அங்காராவே பதறிப்போய், ஏற வேண்டாம் என்றது. ஏறாமல் இருந்ததற்காக விமானிகளைப் பாராட்டி நிறுவனம் அறிக்கை வெளியிட்டது.