தன்னோடு பேசும் பேச்சு

கணக்குப் போடும் சிறு குழந்தை உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். “எட்டும் நாலும் பன்னிரண்டு, இரண்டைப் போடு, ஒன்றை மனத்தில் வை” என்று தனக்குத் தானே ஆணையிட்டுக்கொண்டுதான் அது கணக்கை முடிக்கிறது. ருஷ்ய உளநூல் அறிஞர் லெவ் விகோட்ஸ்கி 1934-இல் வெளிவந்த தம் நூலில் இதை ஆராய்ந்தார். இந்த முணுமுணுப்பு வயது ஏற ஏற மறைந்துவிடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. முதலில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுகிறார்கள். பிறகு குழந்தை தன்னிடமே உரக்கப் பேசுகிறது. கடைசியில் ஓசையின்றிப் பேசுகிறது. ஆகவே நம் உள்ளத்தில் ஒலிக்கும் சொற்களில் பலவும் நாமாகப் படைத்தவை அல்ல. வீட்டிலும் பள்ளியிலும் பிறர் வாயிலிருந்து கேட்டு நாம் சேர்த்துக்கொண்டவை.

பெரும்பான்மையோருக்கு இதனால் பெருங்கேடு விளைவதில்லை. ஆனால் மூளையின் அமைப்பே சற்று மாறுபட்டிருக்கும் சிலர் நம்மிடையே உண்டு. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்ஸியா உடையவர்கள், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த இயலாதவர்கள், ஆட்டிசம் உடையவர்கள் ஆகியோர் இவ்வகையினர். இவர்கள் எல்லோரையும் நோயாளிகள் என ஒதுக்காமல், மனித மூளையின் பல வகைகளில் சில என்று கொள்ளும் நரம்பியல் பன்மை என்ற கருத்து 1990-களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. கருத்து வந்துவிட்டது, வகுப்பறைகளில் வழங்கும் சொற்கள் இன்னும் மாறியபாடில்லை. மக்கு, மந்தம், சோம்பேறி, திமிர் பிடித்தவன் ஆகிய வசைகளை நாள்தோறும் கேட்கும் குழந்தை, பத்து வயதிற்குள் அவற்றைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்ளப் பழகிவிடுகிறது. பிறகு திட்டுவதற்கு வெளியாள் தேவையில்லை.

வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ வளரும் ஒரு தமிழ்ச் சிறுவனை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம். மூன்று எழுத்து முறைகளும் மூன்று வகையாக அவனைச் சோதிக்கின்றன. இந்தியில் குறில் இகரக் குறி மெய்க்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கிறது. தமிழில் கெ, கே, கை என்பவற்றிலும் இதே நிலை. கொ, கோ என்பவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. ஆங்கிலத்திலோ எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு சொல்லுக்குச் சொல் மாறுகிறது. எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில் டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் தாமதமாக வெளிப்படும் என்றும், பொருந்தாத மொழிகளில் பிழையாக வெளிப்படும் என்றும் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே ஒரே சிறுவன் தமிழை மெல்ல மெல்லச் சரியாக வாசிப்பான். ஆங்கிலத்தைத் தவறாக வாசிப்பான். இதைக் காணும் தந்தை என்ன முடிவுக்கு வருகிறார்? “தமிழ் வருகிறதே, ஆங்கிலம் மட்டும் ஏன் வரவில்லை? அக்கறையில்லை, அதுதான் காரணம்” என்கிறார். உற்றார் சிலரோ பல மொழிகளைத் திணித்ததால் வந்த வினை என்கிறார்கள். இரண்டும் பிழையான தீர்ப்புகளே. பல மொழிகளைக் கற்பதால் டிஸ்லெக்ஸியா உண்டாவதில்லை, அக்கறையின்மையாலும் உண்டாவதில்லை.

இத்தகைய சிறுவன் தன்னைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள வழி என்ன? “நான் அறிவாளி, நான் வல்லவன்” என்று காலையில் கண்ணாடி முன் நின்று நூறு முறை சொல்லச் சொல்லும் நூல்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருந்தாளுநர் எமில் குவே பரப்பிய முறையின் வழிவந்தவை இவை. ஆனால் 2009-இல் கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற அம்மையாரும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தன்மதிப்புக் குறைந்தவர்களைத் தம்மைப் பற்றிப் புகழ்ச்சியான ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தபோது, அவர்கள் மனநிலை தேறவில்லை, முன்னினும் சோர்ந்தது. தன்மதிப்பு ஏற்கெனவே மிகுந்தவர்களே சிறிதளவு பயன் பெற்றார்கள். காரணம் விளங்காததன்று. நம்ப முடியாத ஒன்றைச் சொல்லும்போது மனம் எதிர்வாதம் தொடங்கிவிடுகிறது. “வல்லவனா? நேற்று வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் நின்றாயே” என்கிறது.

ஆகவே நமக்கு வேண்டியது புகழுரை அன்று, பிழையில்லாத உரை. மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் கழிக்கும் நமக்கு இது எளிதில் புலப்படுகிறது. குறுகிய பொருளுடைய ஒரு சொல்லுக்கு அகன்ற பொருளுடைய சொல்லை இட்டால் கோப்பே குழம்பிவிடும். “இந்தப் பக்கத்தை வாசிக்க எனக்கு இருமடங்கு நேரம் ஆகிறது” என்பது உண்மை. அதை “நான் மக்கு” என்று தனக்குள் பெயர்ப்பது தவறான பெயர்ப்பு. மூலத்தில் இல்லாத பொருள் அதில் ஏறிவிட்டது. அமெரிக்க மனமருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த சிகிச்சை முறையின் ஒரு கூறும் இதுவே: தானாக எழும் எண்ணத்தை எடுத்து, சான்று கேட்டு, அளவாகத் திருத்தி எழுதுவது. “கேட்டால் விளங்குகிறது, பார்த்தால் தாமதம், ஆகையால் அப்பாவை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்வேன்” என்ற திருத்தத்தில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆயினும் மனம் அதை மறுக்க வழியும் இல்லை. அடுத்துச் செய்யவேண்டிய வேலையும் அதிலேயே இருக்கிறது.

எப்படி விளித்துப் பேசுவது என்பதும் கருதத்தக்கது. 2014-இல் ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க அறிஞரும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், மனக் கலக்கம் தரும் வேளையில் ‘நான்’ என்னாமல் தம் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ தம்மோடு பேசிக்கொண்டவர்கள் கலக்கத்தை மேலாகச் சமாளித்தார்கள் என்று கண்டனர். தமிழருக்கு இது புதுமையன்று. நெஞ்சை எதிரில் நிறுத்திப் பேசுவதற்கென்றே வள்ளுவர் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார்; அங்கே பேசுபொருள் காதல் என்பது வேறு செய்தி.

எந்த மொழியில் பேசிக்கொள்வது? வெளிமாநிலத் தமிழர் சிலர் வியப்போடு கேட்கக்கூடிய கேள்வி இது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நடந்தது. சிறுவயதில் கேட்கும் கண்டிப்புச் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்கள் உடலில் எழுந்த அதிர்வு, ஆங்கிலத்தில் கேட்டபோது எழுந்ததைவிட மிகுதி. வகுப்பில் ‘டஃபர்’ எனக் கேட்ட சொல்லைவிட, அடுக்களையிலிருந்து வந்த ‘மக்கு’ ஏன் ஆழத் தைக்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. தைத்த மொழியிலேயே மருந்தும் இடுவது நன்று என்பது நம் கருத்து. இந்தியில் சிந்திக்கும் பிள்ளையாயினும், “மெதுவாப் படி, கண்ணா, அவசரமில்லை” என்று தாய் சொல்லும் தமிழ் அவன் உள்ளே போய்த் தங்கும்.

பெற்றோர் உரக்கப் பேசிக் காட்டுவதே முதற்படி. 1971-இல் டொனால்ட் மைக்கன்பாம், ஜோசப் குட்மன் என்ற இருவர் பதற்றமாகச் செயற்படும் குழந்தைகளுக்கு இவ்வாறு பயிற்சி அளித்தார்கள். ஆசிரியர் உரக்கப் பேசியவாறே ஒரு வேலையைச் செய்வார்; பிறகு குழந்தை உரக்கப் பேசிச் செய்யும்; பிறகு கிசுகிசுப்பாக; பிறகு மௌனமாக. பின்வந்த ஆய்வுகள், கவனக்குறைவும் மிகையியக்கமும் உடைய குழந்தைகளுக்கு இப்பயிற்சி மட்டும் போதாது என்று காட்டின. வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்துத் தரும் ஆசிரியரும், சிலருக்கு மருந்தும் தேவைப்படும். இன்னொன்று: எல்லோர் உள்ளத்திலும் சொல் ஒலிப்பதில்லை. ஆட்டிசம் உடைய அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், தாம் படங்களாகவே சிந்திப்பதாக எழுதியிருக்கிறார். அத்தகையோர்க்குச் சட்டைப்பையில் வைக்கும் ஒரு சிறு அட்டை உதவக்கூடும். திருமண மண்டபத்தின் இரைச்சலில் “அரைமணி இருப்பேன், பிறகு வெளியே போய் வருவேன்” என்பதை ஒரு கடிகாரப் படமும் ஒரு கதவுப் படமும் சொல்லிவிடும்.

உள்ளத்தைத் திருத்திக்கொண்டு வெளியுலகத்தை அப்படியே விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. அரைமணியில் எழுத முடியாததை அரைமணியில் எழுதச் சொல்லிவிட்டு, “உன்னால் முடியும் என்று நினைத்துக்கொள்” என்பது கொடுமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். கவனக்குறைவு மிகையியக்கம் அப்பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. அது ஒரு குறையே. உரிய சான்றிதழ் உடையோருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் தரவேண்டும் என்று மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வகுத்தன. மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்கள் மனத்தில் கொள்ள வேண்டியது, இச்சட்டப்படி வழங்கிய சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்பது. சோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, பிள்ளை எந்த மொழியில் எத்தனை ஆண்டு பயின்றான் என்பதை அங்குள்ளவர்களிடம் முதலிலேயே தெரிவிப்பது நல்லது. தமிழ் வீட்டுப் பிள்ளையின் இந்தி வாசிப்பை மட்டும் வைத்து எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

உள்குரல் வெறும் வசையோடு நில்லாமல், வாழ்ந்து பயனில்லை என்று சொல்லத் தொடங்குமாயின், அங்கே தன்னுரை முறைகள் எவையும் போதா. மனநல உதவிக்காக மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மனஸ் சேவையின் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.