பன்னிரண்டா? இருநூற்று முப்பதா?

"ஆகையினாலே..." என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை!

வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேச வந்தவர் அவர். வாழ்நாளிலே அன்றுதான் முதன்முறையாக மேடை ஏறினார். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத கதையை, தன் வயலையே காட்டுவது போலக் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியோ 'கொர்' என்று உறுமிற்று. 'டப்' என்று ஓய்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்குக் காது கேட்டிருக்கும். பின்னால் நின்றவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்தார்கள், பிறகு கலைந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீரும் போகவில்லை. கடைசி வரிசைக்குப் பேச்சும் போகவில்லை!

கடைசி வரிசையில் நின்றவன் நான். மைக் செட் வைத்திருந்த வாலிபனைத் தேடிப் போனேன். மேடைக்கு அடியிலே, காரில் பொருத்துகிற ஆம்ப்ளிபயர் ஒன்று. பக்கத்தில் ஒரு பாட்டரி. அதன் தலையில் ஒரு சார்ஜர். "2000 வாட் என்று போட்டிருக்கிறதே, அண்ணே! வீட்டு நகையை வைத்து ஸ்பீக்கர் வாங்கினேன். ரேக் ஆம்ப்ளிபயருக்கு எங்கே போவேன்?" என்றான். அன்றைய வாடகையில் பாதிதான் கைக்கு வந்ததாம்.

குற்றம் யாருடையது? அந்தப் பையனுடையது என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டியின் மேலே பொறித்திருக்கும் அந்த '2000' இருக்கிறதே, அதைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும்!

சாட்சி வேண்டுமா? அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஓடுகிற காரில் பாட்டரியின் அழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். 14-ஐ 30-ஆல் பெருக்கினால் 420. பெட்டிக்குள் தொடர்ந்து நுழையக்கூடிய மின்சாரமே 420 வாட்! அதில் பாதிக்கு அருகில் பழைய வகை ஆம்ப்ளிபயரில் வெப்பமாகப் போய்விடும். மிஞ்சுவது இருநூறு சொச்சம். 420 போட்டு 2000 எடுக்கிற வித்தை எந்தக் கல்லூரியில் கற்றுக் கொடுக்கிறார்கள்?

இன்னொரு கணக்கும் உண்டு. காரில் வைக்கிற ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். கார் ஆம்ப்ளிபயரின் திறனையும் 4 ஓமுக்கே, சில வேளை 2 ஓமுக்கே சொல்லுவார்கள். மேடைப் பெட்டியோ பெரும்பாலும் 8 ஓம். 4 ஓமில் 100 வாட் தருகிற சேனல், 8 ஓமில் ஏறத்தாழ 50 வாட்தான் தரும். இதற்கு வழி இல்லாமலில்லை. இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். அல்லது, அனுமதிக்கிற ஆம்ப்ளிபயராக இருந்தால், இரு சேனல்களையும் 'பிரிட்ஜ்' செய்து ஒரே 8 ஓம் பெட்டிக்குக் கொடுக்கலாம்; இரண்டு சேனலின் வலுவும் அந்த ஒரு பெட்டிக்குக் கிடைக்கும். இது தெரிந்தவன் கையில் கார் ஆம்ப்ளிபயர் கேலிப் பொருளல்ல.

ஆனால் உயிர் எங்கே இருக்கிறது? பாட்டரியில் அல்லவா! 1200 வாட் வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் சொச்சம் போதும். கம்பியின் தடை ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கம்பியே 100 வாட்டை விழுங்கிச் சுடும். 5 ஆம்பியர் ஓடும்போது கால் வாட்டோடு நிற்கும். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் பேசுகிறார்கள். உண்மைதான், கொல்லாது, கொளுத்தும்! பாட்டரியை ஒட்டியே பியூஸ் போடாதவன், பந்தலுக்கு அடியில் கொள்ளிக்கட்டையை வைத்தவன்.

பேச்சுக்குச் சராசரியாக அவ்வளவு மின்சாரம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் குரல் உயரும் அந்தக் கணத்தில் கேட்டது கிடைக்க வேண்டுமே! பையனின் சார்ஜருக்கு அந்தச் சக்தி இல்லை, பாட்டரியோ கிழடு. அழுத்தம் இறங்கிற்று, ஆம்ப்ளிபயரின் காப்புச் சுற்று கதவைச் சாத்திற்று. முதலில் கேட்ட 'கொர்', சார்ஜர் தருகிற சீரற்ற மின்சாரத்தின் ஓசை.

பாட்டரிக்கும் மேடைக்கும் உறவு புதிதல்ல. 1919-ல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், சான் டியேகோ நகரத்துத் திடலில் ஆயிரக்கணக்கான மக்களிடையே ஒலிபெருக்கி மூலம் பேசினார். அப்போது வெற்றிடக் குழாய்களின் காலம். குழாய்க்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். ஆகவே பிற்காலத்தில் காரில் வைத்த ஒலிபெருக்கிகளிலே, 6 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் உயர்த்த 'வைப்ரேட்டர்' என்ற அதிரும் கருவியை வைத்தார்கள். இன்றைய கார் ஆம்ப்ளிபயருக்குள்ளும் அழுத்தத்தை உயர்த்துகிற சுற்று ஒன்று இருக்கிறது. அதிர்கிற தகடு போய் டிரான்சிஸ்டர் வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே ஓடுகிற வண்டியிலே, ஊர்வலத்திலே, மின்கம்பம் இல்லாத ஆற்றங்கரையிலே கார் ஆம்ப்ளிபயர்தான் ராஜா. அங்கே போய் இன்வெர்ட்டர் வைத்து 12-ஐ 230 ஆக்கி, ரேக் ஆம்ப்ளிபயருக்கு ஊட்டி, அது மறுபடி தனக்கு வேண்டிய அழுத்தத்துக்கு மாற்றிக்கொள்வதென்றால், படிக்குப் படி நட்டம். பாட்டரி பாவம்! 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் 30 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பத்தில் மின்சாரம் இருக்கிற இடத்திலோ, ரேக் ஆம்ப்ளிபயருக்கே என் ஓட்டு. 19 அங்குலச் சட்டத்தில் உட்காரும். பெரும்பாலானவற்றில் விசிறி சுழன்று சூட்டை வெளியேற்றும். 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் கணக்குச் சொல்லும். மூன்று கம்பி 'பேலன்ஸ்டு' இணைப்பு இருப்பதால், மேடையிலிருந்து நீண்ட ஒயர் இழுத்தாலும் இரைச்சல் ஏறாது. கார் ஆம்ப்ளிபயரின் சின்னஞ்சிறு ஆர்.சி.ஏ. ஒயர் டிக்கிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஓடப் பிறந்தது. திடலைத் தாண்டச் சொன்னால் முனகத்தான் செய்யும். ரேக்கிலும் ஆபத்து உண்டு: எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகுகிற கெட்ட பழக்கம். இது 230, கொன்றுவிடும்.

வாட் மோகத்தைப் பற்றி ஒரு சொல். 100 வாட்டை 200 ஆக்கினால் ஓசை இரு மடங்காகும் என்று நினைக்கிறோம். ஏறுவது 3 டெசிபல். காதுக்குச் 'சற்றே கூடிற்று' என்று தோன்றும், அவ்வளவே. ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் தருகிற பெட்டியை விட்டு 98 தருகிற பெட்டியை எடுத்தால், ஆம்ப்ளிபயரைப் பத்து மடங்காக்கியதற்குச் சமம்! நகையை அடகு வைத்து நல்ல ஸ்பீக்கர் வாங்கிய வகையில் அந்தப் பையன் புத்திசாலி. அதைத் தலைக்கு மேல் உயரத்தில் கட்டியிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

இதையெல்லாம் அன்றிரவே அவனிடம் சொன்னேன். பாதியை நம்பினான், பியூஸ் கணக்கை மட்டும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டான். மூன்று மாதம் கழித்து வந்தான். வேறொரு மைக் செட்காரரிடம் பழைய ரேக் ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தவணைக்கு வாங்கியிருக்கிறானாம். கார் ஆம்ப்ளிபயரை விற்கவில்லை. புதுப் பாட்டரியோடு ஆட்டோவில் ஏற்றி, கூட்ட அறிவிப்புக்கு அனுப்புகிறானாம்.

"அந்தப் பெரியவரை மறுபடி பேசச் சொல்லுங்கள், அண்ணே. வாடகை வேண்டாம்" என்றான். சொல்லியனுப்பியிருக்கிறோம். நடவு முடியட்டும், வருகிறேன் என்கிறார்.