குடிக்கூலி – 9: ஓதம் யார் கணக்கில்?

சென்ற வாரம் முன்பணத்தைப் பற்றிப் பேசினோம். அதைத் திருப்பிக் கேட்கும் நாளில் வீட்டுக்காரர் சுவரைக் காட்டுவார்: "பூஞ்சணம் பிடிக்க விட்டுட்டீங்களே, பெயின்ட் செலவை யார் கொடுக்கிறது?" குடியிருந்தவர் சொல்வார்: "நாங்க வரும்போதே ஈரம்தான், ஐயா." அதற்கு மேல் இருவர் கையிலும் சான்று இருக்காது.

சுவரைக் கேட்டால் சொல்லும். மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் உள்ள பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும். அடித்தளத்தில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும், நடு முற்றம் காற்றை இழுத்துக்கொள்ளும். பிறகு வந்தவர்கள் சிமென்டைப் பூசி, எமல்ஷன் அடித்து, முற்றத்துக்கும் கூரை போட்டார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. தரையிலிருந்து இடுப்பளவு வரை கறை, அதன் விளிம்பில் வெள்ளை உப்பு, விரல் பட்டாலே உதிரும் பூச்சு என்றிருந்தால் அது ஓதம். மேலிருந்து பழுப்புக் கோடு இறங்கினால் கூரை ஓட்டையோ மழைநீர்ப் பீலியையோ பாருங்கள். குளியலறைக் கூரையிலும் அலமாரிக்குப் பின்னாலும் மட்டும் கரும்புள்ளி என்றால், பெரும்பாலும் சன்னல் திறக்காத குற்றம். சன்னலே இல்லாத அறையை வாடகைக்கு விட்டவரை என்ன சொல்வது?

சிமென்டு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் எழும்பிய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டது. அற்ப வாடகைக்கு ஓடு மாற்ற எந்த உரிமையாளருக்கு மனம் வரும்? குடியிருந்தவர்கள் கைக்கு எட்டியதை வைத்து ஒட்டுப்போட்டார்கள். 1997இல் சட்டம் ரத்தாகி, 2000 பிறந்ததும் வாடகை எகிறியது. பலர் மூட்டை கட்டினார்கள். ஒட்டுப்போட்ட சுவர் மட்டும் அப்படியே அடுத்தவருக்கு வாடகைக்குப் போனது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த மரபுப் பகுதியில், கட்டமைப்பில் கைவைக்க மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தன் செலவில் சரிசெய்ய நினைத்தாலும் அந்த அனுமதியின்றி முடியாது.

குடியிருப்பு வாடகைக்கென மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. பல ஆண்டுகளாகப் பேச்சோடு நிற்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விட்டால் கூரையும் முதன்மைச் சுவர்களும் உரிமையாளர் பொறுப்பு என்கிறது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். அதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி மாற்றிவிடலாம். ஒப்பந்தத்தை எழுதுபவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் ரோச்டேலில் பூஞ்சணம் படர்ந்த வாடகை வீட்டில் இருந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020இல் இறந்தது. அவன் பெயரால் வந்த விதிகளின்படி, 2025 அக்டோபர் முதல் சமூகக் குடியிருப்பு நிர்வாகங்கள் ஆபத்தான ஈரம் பற்றிய புகாரை 10 வேலைநாளுக்குள் ஆராய்ந்தாக வேண்டும். இங்கே அப்படி ஒரு கெடு கிடையாது.

என் கணக்கு இதுதான்: மண்ணிலிருந்து ஏறுவதும் கூரையிலிருந்து இறங்குவதும் வீட்டுக்காரருடையது. சமையல், குளியல் ஆவி குடியிருப்பவருடையது. இந்த இரண்டு வரியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கும் அன்றே அலமாரியை நகர்த்தி, சுவரைப் படமெடுத்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தகராறு முற்றினால், 5,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடரலாம். ஆனால் முத்திரை வரி கட்டாத ஒப்பந்தம் அங்கே சான்றாக எடுபடாது.

(தொடரும்)